நான்காவது பாட்டில் அப்பாவின் குரல்

அந்த ராக் பேண்டை விழுப்புரத்துக்கு வரவழைத்தது நானும் என் கணவனும்தான். வேண்டாம் என்று சொன்னவர்கள் நிறைய. ஆடி மாசத்தில் யார் வருவார்கள் என்றார்கள். சினிமாப் பாட்டே இல்லாமல் இரண்டு மணி நேரம் யார் உட்காருவார்கள் என்றார்கள். காசு வீணாகும், பேர் கெடும் என்றார்கள். அப்பாவுக்கு இப்படி ஆகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அவர்களை நான் கண்டுபிடித்தது பஸ்ஸில். கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து விழுப்புரம் போய் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டது. போனில் ஒரு சினிமாப் பாட்டு முடிந்து, நான் தேடாத வேறொன்று தானாக ஓட ஆரம்பித்தது. கிடார் சத்தம் எரிச்சலாக இருந்தது. மாற்றலாம் என்று பையிலிருந்து போனை எடுப்பதற்குள் ஒருவன் பாட ஆரம்பித்துவிட்டான். குரல் அப்படியொன்றும் நல்ல குரல் இல்லை. ஆனால் அவன் பாடிய விஷயம் என் கையை நிறுத்தியது. வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கும் ஓர் அம்மாவைப் பற்றிய பாட்டு அது. எங்கள் வீட்டில் டிவி இல்லை, மிக்ஸி. பங்காளிச் சண்டைக்கு ஆள் வந்து வாசலில் நின்றால் அம்மா உள்ளே போய் வெறும் மிக்ஸியை ஓட விடுவாள்.

மெட்ராஸ் பையன்கள் நான்கு பேர். முதல் ஆல்பம். எட்டுப் பாட்டு. காதல் பாட்டு ஒன்றே ஒன்று, அதிலும் அந்தப் பெண் கடைசிவரை வரவே மாட்டாள். மற்றதெல்லாம் வாடகை வீடு, வேலை தேடுவது, அண்ணன் தம்பி பேசாமல் இருப்பது. தமிழில் இப்படியெல்லாம் பாடலாம் என்பதே எனக்குப் புதிது. வகுப்பில் என்னோடு படித்தவர்களிடம் போட்டுக் காட்டினேன். "இன்னாடி இது, கத்திக்கினே கீறான்?" என்றாள் ஒருத்தி. அதோடு யாரிடமும் போட்டுக் காட்டுவதை விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவர்கள் வீடியோவுக்குக் கீழே எழுதினேன்: 'விழுப்புரம் பக்கத்துல யாராவது இத கேக்கறீங்களா?' எத்தனையோ நாள் கழித்து ஒரு பதில் வந்தது: 'நான் ஒருத்தன் கேக்கறேன். ஜங்ஷன் பக்கத்துல.'

அந்த ஒருத்தன்தான் பிறகு என் கணவன் ஆனான்.

விழுப்புரத்தில் ஒரு டூவீலர் ஷோரூமில் வேலை பார்த்தான். என்னைவிட இவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. பெங்களூர், கொச்சி, ஷில்லாங் என்று எங்கெங்கோ இருக்கும் பேண்டுகளின் பெயரெல்லாம் சொல்வான். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் புது ஆல்பம் வரும். நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது தொடர்ந்தது. மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் நான், ஷோரூமின் பின்பக்கம் அவன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாட்டைத் தொடங்கி, பாட்டு முடிந்ததும் போனில் பேசிக்கொள்வோம். எங்களுக்குள் காதல் வசனம் என்று ஒன்றும் இருந்ததாக ஞாபகம் இல்லை. 'அந்த மூணாவது பாட்டுல பாஸ் கிடார் கேட்டியா' என்பதைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த நான்கு பேரை முதன்முதலாக நேரில் பார்த்தது பாண்டிச்சேரியில். ஒரு காபிக் கடையின் மாடி, ஞாயிற்றுக்கிழமை மதியம். தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். கால் வைக்க இடமில்லை. முதல் அடி விழுந்ததும் பாஸ் கிடாரின் அதிர்வு தரை வழியாக ஏறி என் நெஞ்செலும்பில் நின்றது. இத்தனை நாள் காதில் கேட்டது வேறு, இது வேறு. பாடுகிறவன் மூச்சு வாங்குவது தெரிந்தது. ஓரிடத்தில் வரியை மறந்துவிட்டுச் சிரித்தான். கூட்டம் எடுத்துக் கொடுத்தது. நானும் கத்தினேன். ஒரு கூட்டத்தில் நின்று வாய்விட்டுக் கத்தியது எனக்கு அதுவே முதல் தடவை.

முடிந்த பிறகு அவர்கள் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றோம்.

"எங்கேர்ந்து வர்றீங்க?" என்று பாடகன் கேட்டான்.

"இவர் விழுப்புரம். நான் திண்டிவனம்."

"விழுப்புரமா? அங்கல்லாம் எங்கள கேக்கறாங்களா!" என்று மற்ற மூவரையும் கூப்பிட்டுச் சொன்னான். "டேய், விழுப்புரம்டா!"

அன்றிலிருந்து எங்கள் பெயர் அதுதான். மெட்ராஸில் எந்த ஷோவுக்குப் போனாலும் மேடையிலிருந்தே "விழுப்புரம் வந்தாச்சா?" என்று மைக்கில் கேட்பான். நாங்கள் கை தூக்குவோம். கூட்டம் சிரிக்கும். எங்களைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தோம்.

எங்கள் கல்யாணத்துக்கு அம்மா வீட்டு ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாதான் நின்றார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற கடலை போட்டு, நெல் போட்டு, கொஞ்சம் சவுக்கும் வைத்திருக்கிற சாதாரண விவசாயி. அதிகம் கேள்வி கேட்க மாட்டார்.

"பையன் குடிப்பானா பாப்பா?"

"இல்லப்பா."

"எங்க பழக்கம்?"

"பாட்டு கேக்கறதுல."

"அதுல இன்னா தப்பு கீது?" என்றார். அவ்வளவுதான்.

கல்யாணமாகித் திண்டிவனத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். அடுத்த வருடம் ஒரு ஷோ முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது பாடகன் சொன்னான்: "உங்க ஊருக்கு ஒரு தடவ வரணும். சின்ன ஊர்ல வாசிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை." சும்மா சொன்னானோ என்னவோ. நாங்கள் பிடித்துக்கொண்டோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பேசினோம். கல்லூரி கல்லூரியாகப் போய் நோட்டீஸ் கொடுத்தோம். என் ப்ளஸ் டூ பிள்ளைகளிடம் சொன்னேன். அவன் ஷோரூமுக்கு வண்டி வாங்க வருகிற பையன்களிடமெல்லாம் சொன்னான்.

அப்பாவிடம் சொன்னபோது, "பேண்டுன்னா? கல்யாணத்துக்கு ஊதிக்கினு வருவாங்களே, அதுவா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. இது வேற. இவங்களே எழுதி இவங்களே பாடுவாங்க."

"மெட்ராஸ்லேர்ந்து வர்றாங்களா? சாப்பாடு யாரு பாத்துக்கறது?"

"ஓட்டல்ல வாங்கிக்கலாம்பா."

"நம்ம பாப்பா கூப்ட்டு வர்றவங்க ஓட்டல்ல துண்ணுவாங்களா? அது நல்லாருக்காது."

நிகழ்ச்சி அன்று, ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அப்பா மரக்காணம் போய்க் கரையில் மீன் வாங்கி வந்திருக்கிறார். அம்மாவும் சித்தியும் குழம்பு வைத்து, வறுத்து, சோறாக்கி, எல்லாவற்றையும் பெரிய பெரிய பாத்திரங்களில் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்ற, அப்பா பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார். புது வேட்டி. சலவைச் சட்டை. கையில் ஒரு துணிக்கடைப் பை. அதில் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை.

மண்டபத்துக்கு அடுத்த தெருவில் அம்மன் கோயில். ஆடி ஞாயிறு. கூழ் ஊற்றுகிறார்கள். காலையிலிருந்து கோயில் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. மண்டபத்தில் கிடாரை இணைத்துச் சரிபார்க்கும்போது ஜன்னல் வழியாக உடுக்கைச் சத்தம் வந்து அதோடு கலந்தது. டிரம்ஸ் வாசிப்பவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தான். அப்பாதான் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்தத் தெருவில் அவருக்கு ஒருத்தரையும் தெரியாது. என்ன பேசினாரோ, கொஞ்ச நேரத்தில் சத்தம் பாதியாகக் குறைந்தது. கையில் ஒரு தூக்கு நிறையக் கூழோடு திரும்பி வந்தார். "சாயந்தரம் வரைக்கும் கொறச்சி வைக்கறோம்னாங்க. நல்ல மனுசங்க. தம்பிங்களுக்குக் கூழு குடுத்தாங்க, குடிக்கச் சொல்லு" என்றார்.

அவர்கள் குடிக்கவில்லை. பாடுவதற்கு முன் எதுவும் சாப்பிடுவதில்லை என்றார்கள். நியாயம்தான் என்று நினைத்தேன்.

நானூறு பேர் உட்காரும் மண்டபத்தில் நான்கைந்து வரிசைகூட நிறையவில்லை. என் பிள்ளைகள் சிலர் பெற்றோரோடு வந்தார்கள். கல்லூரிப் பையன்கள் ஒரு கும்பல் வந்து கடைசியில் நின்றது. ஷோரூம் ஆட்கள் வந்தார்கள். எங்கள் சொந்தம் கொஞ்சம். முன்வரிசையில், நடு நாற்காலியில் அப்பா.

முதல் பாட்டுக்கே இரண்டு குடும்பம் எழுந்து போனது. மூன்றாவது பாட்டில் கடைசியிலிருந்து ஒருவன் சினிமாப் பாட்டு கேட்டுக் கத்தினான். அவனோடு சேர்ந்து நாலு பேர் கத்தினார்கள். பாடகன் காதில் விழாத மாதிரி பாடினான். ஆனால் அவன் முகம் மாறியது. பாண்டிச்சேரியில் வரியை மறந்துவிட்டுச் சிரித்த அந்த முகம் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் மற்ற மூவரைப் பார்த்து ஏதோ சொல்வதும், அவர்கள் தலையைக் குனிந்து சிரிப்பதுமாக இருந்தது. நான் ஓரத்தில் நின்று எல்லா வரியையும் கூடவே பாடினேன், ஒரு ஆளாவது பாடுவது தெரியட்டும் என்று. தொண்டை கட்டிவிட்டது.

அந்த டிவி பாட்டு தொடங்கியது. பஸ்ஸில் நான் முதலில் கேட்ட பாட்டு. அதன் நடுவில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் நின்று, சில நொடிகள் அமைதியாக இருந்து, பிறகு மொத்தமாக வந்து விழும். பாட்டைத் தெரிந்தவர்கள் அந்த அமைதியில் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். அப்பாவுக்குத் தெரியாது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தார். இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்து கை தட்டினார். துணிக்கடைப் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து, உதறி, மேடை ஏறினார்.

எனக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் அவர் பாடகனின் தோளில் சால்வையைப் போர்த்திவிட்டு, எதிரே இருந்த மைக்கில் வாயை வைத்துவிட்டார். எங்கள் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் அப்பா தயங்க மாட்டார்.

"தம்பிங்களா, எங்களயும் ஒரு ஆளா மதிச்சி அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறீங்க. பாட்டு எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா நீங்க படற பாடு புரியுது. சாப்ட்டுதான் போவணும்."

என் பிள்ளைகள் கை தட்டினார்கள். பாடகன் சால்வையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். "ஐயா, இது கட்சிக் கூட்டம் இல்ல" என்றான் மைக்கில். கடைசியில் நின்ற கும்பல் அன்றைக்கு முதல் தடவையாக அவனோடு சேர்ந்து சிரித்தது. சிரிப்பு கிடைத்ததும் அவன் விடவில்லை. "அடுத்து பேரன் பேத்திக்கு எல்லாம் காது குத்தப் போறோம், இருங்க" என்றான். இன்னும் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தார்.

அவர்கள் அதற்குப் பிறகு இரண்டே பாட்டுப் பாடினார்கள். சாப்பிடவும் இல்லை. நேரமாகிவிட்டது, வழியில் ஹைவேயில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்பா வண்டி வரைக்கும் போய், "ஒரு வாயாவது துண்ணுட்டுப் போங்க தம்பி, காலையில கரைக்கு வந்த மீனு" என்றார். கதவை மூடிக்கொண்டே கை ஆட்டினார்கள். அந்த மீனையும் சோற்றையும் கூழ் ஊற்றிய தெருவுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்பாவுக்கு அதிலும் திருப்திதான்.

"சின்னப் பசங்க. கூட்டம் வரலன்னு வருத்தம். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத" என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. கூட்டம் வராதது எங்கள் தவறு என்றுதான் நினைத்தேன். என் ஊரைப் பற்றித்தான் வெட்கப்பட்டேன். அப்பா மேடை ஏறியதைப் பற்றியும் கொஞ்சம். அதை யோசித்தால் இப்போது எரிகிறது.

அடுத்த ஆண்டு அவர்களுடைய புது ஆல்பம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை. பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அடுப்படியில் போனை வைத்துப் பாட்டை ஓட விட்டேன். என் கணவன் ஷேவ் செய்துகொண்டிருந்தான். முதல் மூன்று பாட்டு எனக்குப் பிடித்திருந்தது. நான்காவது பாட்டு கரகரப்போடு தொடங்கியது. தூரத்தில் உடுக்கை. பிறகு, "தம்பிங்களா" என்று அப்பாவின் குரல்.

கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றேன். அந்த முதல் நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மறக்கவில்லை, அன்றைக்குப் பதிவு செய்ததை வைத்திருக்கிறார்கள் என்று.

"தம்பிங்களா... பாட்டு எனக்கு ஒண்ணும் புரியல... சாப்ட்டுதான் போவணும்."

உடனே டிரம்ஸ் விழுந்தது. நடுவில் இருந்த வாக்கியம் இல்லை.

பாட்டு நெடுஞ்சாலை ஓரத்து ஊர் ஒன்றைப் பற்றியது. அந்த ஊரில் காது கேட்காதவர்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். எதைப் பார்த்தாலும் சால்வை போர்த்துகிறார்கள். 'சால்வ போத்து, சால்வ போத்து, பாட்ட நிறுத்தி சால்வ போத்து' என்று திரும்பத் திரும்ப வரும். நல்ல தாளம். ஒரு தடவை கேட்டால் நாள் முழுக்க வாயில் நிற்கும். அதுதான் கொடுமை.

என் கணவன் பாதி முகத்தில் நுரையோடு வந்து நின்று சிரித்தான். "மாமா வாய்ஸ் பாத்தியா! செமயா வந்துருக்கு."

"பாட்டு என்னான்னு கேட்டியா?"

"கலாய்ச்சிருக்காங்க. ஊரத்தான். மாமாவ ஒண்ணும் சொல்லலயே. நீ பெருசு பண்ணாத."

அவர்கள் அதுவரை செய்த எந்தப் பாட்டும் இப்படிப் பரவியதில்லை. டிவி பாட்டைத் தெரியாதவர்களுக்கெல்லாம் இது தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டைக் காட்டி, பிரியாணி அண்டாவைக் காட்டி, பூனைக்குப் பால் வைப்பதைக் காட்டி, எல்லாவற்றுக்கும் பின்னால் என் அப்பாவின் குரலைப் போட்டார்கள். என் வகுப்பில் மதியம் டிபன் பாக்ஸ் திறக்கும்போது பிள்ளைகள் சொல்லிச் சிரித்தார்கள், "சாப்ட்டுதான் போவணும்." அதே இழுப்பு, அதே கரகரப்பு. நன்றாகவே பேசிக் காட்டினார்கள். "மிஸ், இது செம ட்ரெண்டிங் மிஸ்" என்று ஒரு பெண் எனக்கு விளக்கினாள். நான் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு டீக்கடையில் யாரோ காட்டியிருக்கிறார்கள். போன் செய்தார்.

"பாப்பா, அந்தத் தம்பிங்க என் கொரல பாட்டுல வெச்சிகீறாங்களாமே! ஊரே கேக்குது. நம்மள மறக்கல பாத்தியா?"

"ஆமாம்பா" என்றேன்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனபோது, என் போனில் அந்தப் பாட்டைப் போடச் சொன்னார். முழுவதும் கேட்டார். ஒரு வார்த்தையும் விடாமல் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும், முதல்லேர்ந்து இன்னொரு தடவ போடு என்றார். தன் குரல் வரும் இடம் முடிந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"நடுவுல நான் ஒண்ணு சொன்னனே. நீங்க படற பாடு புரியுதுன்னு. அது எங்க?"

"எடுத்துட்டாங்கப்பா."

"ஏன்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று கழனிப் பக்கம் போனார்.

பாடகனுக்கு மூன்று நான்கு தடவை செய்தி அனுப்பினேன். பார்த்ததாகக் காட்டியது, பதில் வரவில்லை. நேரிலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மெட்ராஸில் புது ஆல்பத்துக்கான ஷோ. பழைய குடோன் ஒன்றை அரங்கமாக மாற்றியிருந்தார்கள். நாங்கள் இதுவரை பார்த்ததில் இல்லாத கூட்டம். வாசலில் விருந்தினர் பட்டியலில் எங்கள் பெயருக்குப் பதிலாக 'விழுப்புரம்' என்றே இருந்தது. என் கணவன் அதைப் போட்டோ எடுத்தான்.

நான்காவது பாட்டு வந்தது. அப்பாவின் குரலைப் போடவே இல்லை. தேவைப்படவில்லை. பாடகன் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினான். ஆயிரம் பேர் ஒரே குரலில் சொன்னார்கள், "பாட்டு எனக்கு ஒண்ணும் புரியல!" அவன் காதில் கை வைத்துக் கேட்காத மாதிரி நடித்தான். "சாப்ட்டுதான் போவணும்!" என்று கத்தினார்கள். வேட்டி கட்டி, தலையில் துண்டு சுற்றிய ஒருவனை மேடையில் ஏற்றினார்கள். அவன் தள்ளாடித் தள்ளாடி வந்து சால்வை போர்த்தினான். என் அப்பா தள்ளாடுகிறவர் இல்லை. கூட்டத்தில் பலர் வீட்டிலிருந்தே சால்வை கொண்டுவந்திருந்தார்கள். அவை மேடையை நோக்கிப் பறந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்து, என் தோளில் தட்டி, "செமல்ல?" என்றாள். பாஸ் கிடார் அன்றும் நெஞ்சில்தான் இறங்கியது. அதற்கு வித்தியாசம் தெரியாது.

முடிந்த பிறகு பின்பக்கம் போனோம். பாடகன் எங்களைப் பார்த்ததும் கை விரித்து வந்தான்.

"விழுப்புரம்! எப்படி இருந்துச்சு?"

"அது எங்க அப்பா" என்றேன்.

"தெரியும்ங்க. லெஜண்ட் அவரு. எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ட்ரிப்யூட் மாதிரிதான் பண்ணோம்."

"அவர் நடுவுல ஒண்ணு சொன்னாரு. நீங்க படற பாடு புரியுதுன்னு. அத ஏன் எடுத்தீங்க?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "அதுவா... அந்த எடத்துல ட்ரம்ஸ் உள்ள வரணும். அந்த லைன் இருந்தா லெங்த் ஆகுது. ஃபன்னாவும் இல்ல."

"அவர்கிட்ட கேட்டீங்களா, போடலாமான்னு?"

"கேட்டோமே" என்று என் கணவனைக் காட்டினான். "ப்ரோகிட்ட கேட்டுட்டுத்தான் போட்டோம். ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே ட்ராக் அனுப்பினோம். ஓகேன்னாரே."

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காலையில் பாதி முகத்தில் நுரையோடு வந்து நின்று சிரித்தவனுக்கு, பாட்டு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

"எங்க அப்பாகிட்ட கேட்டியா நீ?" என்றேன். மற்றவர்கள் முன்னால் நான் அவனை 'நீ' என்று சொன்னதில்லை.

"நல்ல விஷயம்தானேன்னு... ஒனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..." என்றான். பிறகு அவன் செய்ததைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பாடகன் பக்கம் திரும்பி, "நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க ப்ரோ, அவ கொஞ்சம் டென்ஷன்ல இருக்கா" என்றான்.

"இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே" என்று பாடகன் என்னை மன்னித்தான்.

திண்டிவனம் வந்து சேர்ந்தோம். பிறகு பேசினோம். சண்டை போட்டோம். அவன் அப்பாவிடம் போய் மன்னிப்பும் கேட்டான். "இதுல இன்னா மாப்ள கீது, வுடுங்க" என்று அவனுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டார் அப்பா. அவர் போடுவார். நான் அப்படி இல்லை. நாங்கள் சேர்ந்துதான் வாழ்கிறோம். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போன் வருவதில்லை. அவன் இன்னும் அவர்கள் ஷோவுக்குப் போகிறான், ஷோரூம் பையன்களோடு. எங்கே போகிறாய் என்று நான் கேட்பதில்லை.

போன தையில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தி நேரத்தில் யாரோ அப்பா கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் வாய் திறப்பதற்குள் இளசுகள் எல்லாம், "பெரிப்பா, அதச் சொல்லு! அதச் சொல்லு!" என்று கத்தினார்கள். அப்பா ஒரு நிமிடம் மைக்கைப் பார்த்தார். பிறகு அவர்கள் கேட்டதைச் சொன்னார். அவர்கள் வெட்டி வைத்திருக்கும் அதே வரிசையில், நடுவில் எதுவும் இல்லாமல். பந்தல் அதிரச் சிரித்தார்கள், விசில் அடித்தார்கள், போனில் பிடித்தார்கள். குழந்தையை வாழ்த்திப் பேச அவர் என்ன நினைத்து வைத்திருந்தாரோ, மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்பா சொன்ன?"

"சொன்னா சந்தோஷப்படறாங்க பாப்பா. இன்னா பண்றது."

இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

சமீபத்தில் ஒரு புதிய பேண்ட் கண்ணில் பட்டது. மூன்று பெண்கள், முதல் ஆல்பம். நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் ஒருத்தியைப் பற்றி ஒரு பாட்டு. ஹாஸ்டல் தண்ணீர் பற்றி ஒன்று. எல்லாமே நன்றாக இருந்தன. டிரம்ஸ் வாசிக்கிற பெண் பிரமாதம். பாண்டிச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் ஷோ என்று போட்டிருந்தார்கள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

போகவில்லை. அன்றைக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தினேன். சாயங்காலம் என் கணவன் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, "இவங்கள ஒனக்குப் பிடிக்குமே, சொல்லிருந்தா கூட்டிக்கினு போயிருப்பேனே" என்றான்.

"பாட்டு மட்டும்தான் பிடிக்கும்" என்றேன்.

அவன் வாசல் விளக்கைப் போடப் போனான். நான் அடுத்த பேப்பரை எடுத்தேன்.